'வயிற்றுவலி' என்று எழுதாதீர்கள்



நம் பிள்ளைகள் தற்கொலையில் செத்தால் எழுதிக்கொள்ள ரெண்டு வாசகம் எப்போதும் தயார். ஒன்று 'தீராத வயிற்றுவலி'. இன்னொன்று 'குடும்பப் பிரச்சினை'. முதலாவதை நாம் நம்புவதில்லை. ரெண்டாவதை எதிர்த்து ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2021இல் தற்கொலையில் போன 18 வயதுக்குட்பட்டோர் 10,732 பேர். தேர்வுத் தோல்வியால் 864. குடும்பப் பிரச்சினையால் 3,233. 2017இல் அரியலூர் அனிதாவுக்காகத் தெருவுக்கு வந்தோம். சரியாகத்தான் செய்தோம், எதிரி கண்ணுக்குத் தெரிந்தான். வீட்டுச் சண்டையில் போகிற பிள்ளைக்கு மட்டும் சுவரொட்டி கிடையாது. 'அது அவங்க வீட்டு விவகாரம்' என்று ஒதுங்கிவிடுகிறோம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. சேரி வீட்டுக்குள் சாதி நுழையாமலா இருக்கிறது? மரக்காணம் உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வெந்து படிக்க வைக்கிறார்கள். 'நாங்க பட்ட பாடு நீ படக்கூடாது' என்பது பாசம்தான். மார்க் குறைந்த அன்றைக்கு அதுவே பாறாங்கல்லாக அழுத்துகிறது. 2012இல் தருமபுரி நத்தம் காலனி எரிந்தபின், பிள்ளை யாரோடு பேசினாலும் பெத்தவங்களுக்குக் குலை நடுங்குகிறது. அந்தப் பயம் அடியாகவும் வசவாகவும் இறங்குகிறது. பொம்பளப் பிள்ளைமேல் கூடுதலாகவே இறங்குகிறது.

அதற்காகக் குடிச்சிட்டு வந்து அடிக்கிற அப்பனைச் சாதியைச் சொல்லி மன்னிக்க நான் தயாரில்லை. மனைவி அடிமையல்ல, சமமான தோழி என்று 1942இல் நாக்பூர் பெண்கள் மாநாட்டில் அண்ணல் பேசினார். வீட்டைத் திருத்துவதும் விடுதலை அரசியல்தான்.

ஒரே காரணத்தால் எந்தப் பிள்ளையும் சாவதில்லை. அதனால்தான் தடுக்கப் பல வழி இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நாம் நடத்தும் ஒவ்வொரு படிப்பகத்திலும், திட்டாமல் காதுகொடுத்துக் கேட்க ஒரு அக்காவோ அண்ணனோ இருக்கட்டும். சந்தேகம் வந்தால் 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ரிசல்ட் வாரத்தில் வீடு வீடாகப் போங்கள். பூச்சிமருந்து வீட்டில் வேண்டாம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைத்து வழிகாட்டியிருக்கிறார்கள். கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குத் தயங்காதீர்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் பிழைத்தவருக்குத் தண்டனை கேட்கவில்லை, சிகிச்சை கொடு என்கிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கிறது. 14416, 104, சிறுவர்களுக்கு 1098 எண்களைப் படிப்பகச் சுவரில் பெரிசா எழுதுங்கள்.

செத்தபின் ஊர்வலம் போக நமக்குத் தெரியும். உயிரோடு இருக்கும்போதே அந்த வீட்டுக் கதவைத் தட்டவும் பழகுவோம்.