மாமி கேட்ட கேள்வி

வில்கமுவையில் கிணற்று நீரைக் கண்டாலே எமக்குச் சிறுநீரக நோய்தான் நினைவுக்கு வரும். வடிகட்டிய தண்ணீருக்காக வரிசையில் நின்றபோது மாமி கேட்டார்: "மண்ணில இருக்கிற நஞ்சை மண்ணே முறிக்காதா பிள்ளை?"

சில நஞ்சை முறிக்கும். பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவன்ஷகர் பக்கத்து மண்ணில் செலினியம் அதிகம். அங்கு விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பு கழன்றது. மனிதருக்கு முடி கொட்டியது, நகம் சிதைந்தது. அத்தகைய மண்ணில் வாழும் சில பக்டீரியாக்கள், தம்மைக் காத்துக்கொள்ள, நீரில் கரையும் செலினைற்றுக்கு இலத்திரன்களைக் கொடுத்துக் கரையாத செலினிய நுண்துணிக்கைகளாக்கி விடுகின்றன. ஆய்வுகூடக் குடுவையில் பார்த்தால் திரவம் செங்கல் நிறமாகுமாம்! கரையாததைப் பயிர்வேர் எளிதில் உறிஞ்சாது.

"அப்ப எங்கட கிணத்துக்கும் போடலாமே?"

இங்கே செலினியம் மிகுதியல்ல, மாமி. இலங்கையில் பல இடங்களில் அது குறைவு. எங்கள் நீரிலுள்ள புளோரைட்டு இந்த வித்தைக்கு மசியாது. கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.