கல்லறைக்குப் போய்த் திரும்பும் சீட்டுகள்

நம் இல்லங்களில் நவம்பர்த் திங்கள் கல்லறைகளின் திங்கள். இரண்டாம் நாளன்று புல் செதுக்கி, சுண்ணாம்படித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, நம்மை விட்டுப் பிரிந்தோருக்காக மன்றாடுகிறோம். அத்தகைய இல்லமொன்றில் மகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறான் எனக் கொள்வோம். அதன்மேல் ‘பிளண்டர் தி கிரேவ்ஸ்’, அதாவது ‘கல்லறைகளைச் சூறையாடு’ என்று பொறித்திருக்கிறது. உள்ளே 100 சீட்டுகள். பலவற்றில் எலும்பும் பிணமும். தாய் திடுக்கிடுவதில் வியப்பென்ன? பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூருக்கு அந்நகரின் பொழுதுபோக்குகள் வந்துசேர நெடுங்காலம் ஆவதில்லை. ஆதலால் பெட்டியைப் பறித்து அடுப்பிலிடும் முன், அதனுள் இருப்பது யாதென அறிவது பெற்றோர் கடமையாகும்.

இவ்வாட்டத்தின் பெயர் ‘மேஜிக்: தி கேதரிங்’. ரிச்சர்டு கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் இதனை வகுத்தார்; ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்னும் நிறுவனம் 1993-ஆம் ஆண்டு வெளியிட்டது. நாம் அறிந்த சீட்டுக்கட்டில் 52 சீட்டுகளே உண்டு. எவர் வீட்டிலும் அதே கட்டுதான். இங்கோ பல்லாயிரம் வகைச் சீட்டுகள் அச்சாகியுள்ளன. அவற்றுள் வேண்டியவற்றைத் தேர்ந்து, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொண்டு ஆட வருகின்றனர். ஆட்டத்தின் பாதி, ஆடும் மேசைக்கு வருமுன்பே வீட்டில் நடந்து முடிகிறது எனலாம்.

இதனை ஆடும் முறைகளுள் ‘கமாண்டர்’ என்பது இன்று பெரிதும் விரும்பப்படுவது. இதை முதலில் தோற்றுவித்தவர்கள் ஆட்டக்காரர்களே. 2011 முதல் நிறுவனமும் இம்முறைக்கென ஆயத்தக் கட்டுகளை வெளியிட்டு வருகிறது. வழக்கமாக நால்வர் அமர்வர். ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி 40. கட்டில் தலைவனையும் சேர்த்து 100 சீட்டுகள். அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர, எந்தச் சீட்டும் இரண்டாம் முறை வரலாகாது. நிலச் சீட்டுகளே விளைச்சல். முறைக்கு ஒரு நிலம் இறக்கி, அது தரும் ஆற்றலைச் செலவிட்டே படைகளை இறக்க வேண்டும். நிலமின்றிப் படையில்லை என்பது உழவர் குடியிற் பிறந்த நமக்குச் சொல்லாமலே விளங்கும்.

மாண்ட படைகளும் செலவான சீட்டுகளும் அவரவர் முன்னே ஒரு குவியலாகச் சேரும். அதற்குக் ‘கல்லறை’ என்று பெயர். சதுரங்கத்தில் வெட்டுண்ட காய் பெட்டிக்குள் போய்விடுகிறது. ஆனால் நம் சடுகுடுவை நினைத்துப் பாருங்கள். பிடிபட்டு வெளியேறியவன் கோட்டுக்கு அப்பால் அமர்ந்திருக்கிறான். தன் அணியினர் எதிரணியில் ஒருவனை வீழ்த்தியதும் எழுந்து உள்ளே வருகிறான். வெளியேற்றம் அங்கே முடிவன்று, காத்திருத்தலே. கல்லறைக் கட்டின் தத்துவமும் இதுவே. ஒரே வேறுபாடு: சடுகுடுவில் வெளியேறிய வரிசைப்படியே திரும்ப வேண்டும், இங்கே எவரைத் திருப்புவது என்று நாமே தேர்ந்துகொள்ளலாம்.

மேற்சொன்ன ‘பிளண்டர் தி கிரேவ்ஸ்’ 2015 நவம்பரில் வெளிவந்தது. கறுப்பு, பச்சை என்னும் இரு நிறச் சீட்டுகளால் ஆனது. அதன் தலைவி மெரென் என்பவள். நம் பக்கத்தில் அவளையன்றி வேறொரு படை மாளும்போதெல்லாம் நமக்கு ஓர் அனுபவப் புள்ளி சேரும். நம் முறை முடியும் வேளையில் கல்லறையிலுள்ள ஒரு படையைச் சுட்டலாம். அதன் விலை நம் அனுபவப் புள்ளிகளுக்கு மேற்படாவிடில் அது நேரே களத்திற்கு வரும். மேற்பட்டால் கைக்கு வரும். மெரெனே மாண்டாலும் சேர்த்த அனுபவம் அழிவதில்லை. இழப்பு ஒவ்வொன்றும் முதலாக மாறும் கணக்கு இது.

இக்கட்டை ஆடுவோர்க்கு மூவகைச் சீட்டுகள் வேண்டும்: கல்லறையை நிரப்புவன, தன் படையைத் தானே பலியிட வழி தருவன, மாண்டதை மீட்பன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏற்றம் பழுதான கிணறுபோல் ஆட்டம் நின்றுவிடும். ‘சகுரா ட்ரைப் எல்டர்’ என்னும் சிறு சீட்டைக் காண்க. அதைப் பலியிட்டால் கட்டிலிருந்து ஒரு நிலம் களத்திற்கு வரும். மெரென் அதை மீட்பாள்; மறுமுறை மற்றொரு நிலம். ‘எடர்னல் விட்னஸ்’ களமிறங்கும்போது கல்லறையிலுள்ள எந்த ஒரு சீட்டையும் கைக்குக் கொணர்கிறது. இவ்விரண்டும் பெட்டியிலேயே உள்ளவை.

பெட்டியில் வந்த கட்டை மேம்படுத்த விரும்பும் இளைஞன் செய்ய வேண்டுவது என்ன? கட்டு 100-க்கு மேற்படலாகாது. ஆதலால் ஒன்று புகவேண்டுமாயின் ஒன்று வெளியேற வேண்டும். பத்துப் பதினைந்து ஆட்டங்கள் ஆடிய பின்னரே கையிற் பயனின்றித் தங்குவது எது எனத் தெரியவரும். விலை ஆறும் ஏழுமாய், நிரப்பவும் மீட்கவும் உதவாமல் அழகுக்கு நிற்கும் பெரும்படைகளை முதலில் நீக்கலாம். அவற்றுக்கு ஈடாகச் சிறியனவற்றைச் சேர்க்கலாம். ஒரே ஆற்றலுக்கு இறங்கும் ‘ஸ்டிச்சர்ஸ் சப்ளையர்’, வரும்போதும் மாளும்போதும் கட்டின் மேலிருந்து மும்மூன்று சீட்டுகளைக் கல்லறைக்கு அனுப்பும். ‘ஸ்போர் ஃபிராக்’ என்னும் தவளை தன்னைப் பலியிட்டு அம்முறையின் போர்ச்சேதம் முழுவதையும் தடுக்கும். மெரென் அதை மீண்டும் மீண்டும் எழுப்புவாள். இத்தகைய சிறு சீட்டுகள் அரியனவல்ல. கட்டை வலுப்படுத்துவது பெரும்பாலும் பணமன்று. ஒவ்வொன்றும் மற்றொன்றுக்கு எவ்வாறு துணையாகும் என்ற ஆராய்ச்சியே. 2025-இல் வந்த ‘சுல்தாய் அரைசன்’ போன்ற பிற்காலக் கல்லறைக் கட்டுகளுக்கும் இவ்வுரை பொருந்தும்.

ஆயினும் கல்லறையையே நம்பியிருப்பவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. ‘போஜுகா பாக்’ என்னும் நிலச் சீட்டு, வந்த கணமே ஒருவரது கல்லறை முழுவதையும் ஆட்டத்திற்கு அப்பால் துரத்திவிடும். அதனினும் கடியது 2012-இல் வெளிவந்த ஒரு வெள்ளைச் சீட்டு. எல்லாக் கல்லறைகளையும் வெறுமையாக்கி, அதன்பின் மாளும் எதுவும் கல்லறையை அடையாதவாறு தடுப்பது அது. அதன் பெயர் ‘ரெஸ்ட் இன் பீஸ்’. நம் கல்லறைக் கற்களில் நாம் பொறிக்கும் அதே இளைப்பாற்றி வேண்டல்! மாண்டோரை எழுப்பி வேலை வாங்கும் கட்டுக்குப் பெரும்பகை, அவர்களை இளைப்பாறவிடும் அச்சீட்டே என்பது சிந்திக்கத்தக்கது. இதற்கு அஞ்சுவோர், கல்லறையின்றியும் வெல்லும் வழியொன்றைக் கட்டில் வைத்திருத்தல் நலம்.

இனித் தாயின் கேள்விக்கு வருவோம். இது பாவமா? இறந்தோரை அழைத்துக் குறிகேட்பதை மறைநூல் வன்மையாக விலக்குகிறது. சவுல் மன்னன் ஏன்தோரில் செய்த பிழையை நாமறிவோம். ஆனால் கழித்த சீட்டைக் குவியலிலிருந்து எடுப்பது எவரையும் அழைப்பதன்று. கதையில் வரும் மந்திரக்காரிக்கும் குறிசொல்லும் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகள் அறிவர். அறியாத வயதினராயின் அறியும்வரை காத்திருக்கச் சொல்லலாம். படங்கள் சில சிறுவர் கண்ணுக்கு உகந்தவையல்ல என்பதும் உண்மை.

இது சூதா என்பது இரண்டாம் கேள்வி. நம் நாட்டிற்குச் சீட்டு புதிதன்று. எல்லைக்கு அப்பால் மைசூரில் வட்ட வடிவக் கஞ்சிஃபாச் சீட்டுகளைக் கைவினைஞர் வரைந்தனர். மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அக்கலையைப் பேணினார். தீங்கு சீட்டில் இல்லை, பணயத்தில் உள்ளது. பொலோஞா நகரில் சூதுக்கு எதிராக முழங்கிய சியன்னா நகர்ப் புனித பெர்னர்தீன், சீட்டு வரைந்து பிழைத்தவனைக் கைவிடாமல் இயேசுவின் திருநாமத்தை வரைந்து வாழ வழிகாட்டினார் என்பர். நம் மாநிலத்தில் கைபேசி ரம்மி எத்தனை இல்லங்களை இருளடையச் செய்தது என்பதை நாடறியும். நீதியரசர் சந்துரு குழு 2022-இல் அறிக்கை அளித்தது. 2023-இல் மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025-இல் இணையவழிப் பண ஆட்டங்களுக்கு நாடாளுமன்றமும் தடை விதித்தது. இங்கு நாம் பேசும் கட்டு ஆட்டத்தில் பணயம் இல்லை. தோற்றவன் தன் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான்.

ஆயினும் ஓரிடத்தில் சூதின் நிழல் விழுகிறது. ஆயத்தக் கட்டில் உள்ள 100 சீட்டுகளும் எவையென முன்னரே தெரியும். ஆனால் ‘பூஸ்டர்’ எனப்படும் மூடிய உறைக்குள் எது இருக்கும் என்பது பிரிக்கும்வரை தெரியாது. அரிய சீட்டு வரலாம் என்ற ஆசையில் உறைமேல் உறையாகப் பிரிப்பவன், பரிசுச்சீட்டு வாங்குபவனின் மனநிலையையே அடைகிறான். ஆதலால் பெற்றோர் வகுக்க வேண்டிய விதி எளிது: கட்டு வாங்கலாம், வேண்டிய தனிச்சீட்டைப் பெயர்சொல்லி வாங்கலாம், மூடிய உறைக்குக் காசில்லை. வாங்குமுன் வெறுந்தாளில் பெயரெழுதி உறையிலிட்டு நண்பர்களிடையே ஆடிப் பார்ப்பதும் சிக்கனமே. கடன் வாங்கிச் சீட்டு வாங்குவது எவ்வகையிலும் ஆகாது.

நம் பகுதியின் நிலையையும் எண்ணுவோம். ஓசூர்ச் சிப்காட்டில் வேலைக்கு வந்து, வாடகை அறையில் தங்கி, இரவு ஷிஃப்டு முடிந்து பகலெல்லாம் கைபேசியோடு கிடக்கும் இளைஞர் எத்தனை பேர்! தமிழன், தெலுங்கன், கன்னடியன், வடநாட்டான் என நால்வர் ஓர் அறையில் இருந்தும் நாலு திசை நோக்கிப் படுத்திருக்கின்றனர். நால்வரை ஒரு மேசையில் முகம்பார்த்து அமர்த்தி, ஒருவர் முறைக்கு மற்றவர் காத்திருக்கக் கற்பிக்கும் ஆட்டம் அவர்களுக்குத் தீமை என்று நாம் துணிந்து சொல்லமாட்டோம். தனிமையில் விரல்நுனியால் பணமிழப்பதினும் இது நூறு மடங்கு மேல்.

அன்பார்ந்த பெற்றோரே, மகனின் பெட்டியை மறைத்து வைக்காதீர்கள். ஒரு ஞாயிறு பிற்பகல் அவனெதிரே அமர்ந்து, “எனக்கும் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். மாதம் எவ்வளவு செலவிடலாம் என்பதை அப்போதே பேசி முடிவு செய்யுங்கள். கல்லறைத் திருநாளன்று மட்டும் சீட்டுகள் பெட்டியில் இருக்கட்டும்; மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனும் உங்களோடு தாத்தா பாட்டியின் கல்லறைக்கு வரட்டும். புல் செதுக்கும்போது அவர்கள் யார், எவ்வாறு வாழ்ந்தார்கள் என்று அவனுக்குச் சொல்லுங்கள்.