பஞ்சுத் தூசிக்கும் ஒரு வரலாறு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. நோயாளியின் பக்கமிருந்தும் அதை எழுத வேண்டும் என்று 1985இல் வாதிட்டார் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ராய் போர்ட்டர்.

நூல் மில்களும் பனியன் கம்பெனிகளும் நிறைந்த திருப்பூர் வட்டாரத்துக்கு அந்த வாதம் அப்படியே பொருந்தும்; இங்கே நோயாளியின் கதை அவருடைய தொழிலின் கதையும்கூட. நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்று 1700இல் எழுதியவர் இத்தாலிய மருத்துவர் ராமசினி. பஞ்சுத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தவர்களுக்கு, வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும். அதற்கு 'பிசினோசிஸ்' என்று பெயர் வந்தது பிற்பாடுதான். தொழிலாளியின் உடம்புக்கு அது முன்பே தெரியும்.

நூல் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. மருத்துவக் குறிப்புகளோடு அவர்களின் வாய்மொழியையும் இப்போதே பதிவுசெய்ய வேண்டும்.