ஆயுள் வரியாம்... யாருடைய ஆயுளுக்கு?

நாமக்கல்லில் போய் கோழி முந்தியா முட்டை முந்தியா என்று கேட்டால் சிரிப்பார்கள். ரெண்டுமே அங்கே லோடு கணக்கில் இருக்கிறது. ஆனால் அதே ஊர்க்காரர் ஒருத்தர் பெங்களூரில் போய் லோனில் பழைய கார் வாங்கினால் அந்தக் கேள்விக்கு சிரிப்பு வராது.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருத்தர் என்று வைத்துக்கொள்வோம். ஓசூர் தாண்டினால் விலை குறைவு என்று யாரோ சொல்ல (இந்த 'யாரோ' எல்லா ஊர் டீக்கடையிலும் உண்டு), கே.ஏ. நம்பர் கார் ஒன்றைப் பேசி முடிக்கிறார். விற்பவருக்கு லோன் பாக்கி இருக்கிறது. வாங்குபவருக்கும் லோன் வேண்டும். இப்ப பாருங்க கூத்தை. பாக்கியை முழுசாகக் கட்டினால்தான் பழைய வங்கி படிவம் 35-ல் கையெழுத்துப் போட்டு என்.ஓ.சி. தரும். இவர் பணம் கொடுத்தால்தான் விற்பவரால் அதைக் கட்ட முடியும். இவருக்குப் பணம் தரவேண்டிய வங்கியோ, ஆர்.சி. இவர் பேருக்கு மாறி அதில் தன் அடமானம் ஏறவேண்டும் என்கிறது. அது மாற பெங்களூர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும். அதற்குப் பழைய வங்கியின் சம்மதம் வேண்டும்...

கோழியா, முட்டையா? நடுவில் யாராவது ஒருத்தர் முன்பின் தெரியாத ஆளை நம்பிப் பணத்தை நீட்டியாக வேண்டும். பெரும்பாலும் அது வாங்குபவர் தலையில்தான் விடியும்.

இத்தனைக்கும் 1988 மோட்டார் வாகனச் சட்டம் அவ்வளவு மோசம் இல்லை. என்.ஓ.சி.க்கு விண்ணப்பித்து 30 நாளுக்குள் மறுக்கவில்லை என்றால் கொடுத்ததாகவே அர்த்தம் என்று 48-வது பிரிவு சொல்கிறது. மௌனம் சம்மதம்! அந்த மௌனத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய் அடுத்த மாநில கவுண்டரில் நீட்டிப் பார்க்கட்டும், தெரியும் சேதி. வண்டியின் என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் அடமானமும் வாஹன் கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கிறது. இருந்தும் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து மூன்று காப்பி படிவம் 28-ல் ஒட்டச் சொல்லும் வழக்கம் போகவில்லை.

சரி, பெரிய மேட்டருக்கு வருவோம். வரி.

புது காருக்குக் கட்டுவதன் பேர் ஆயுள் வரி. கர்நாடகத்தில் கட்டியாகிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுக்கு வந்ததும் வண்டிக்கு மறுபிறவி, மறுபடியும் ஆயுள் வரி. வயசுக்கேற்ப இங்கே குறைத்துத்தான் வாங்குகிறார்கள், அங்கேயும் மிச்சக் காலத்துக்கு ரீஃபண்டு உண்டு என்பார்கள். உண்மைதான். ஆக கணக்குப் போட ரெண்டு மாநிலத்துக்கும் தெரிகிறது! பிறகு எதற்கு இங்கே முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, அந்த ரசீதையும் புது ஆர்.சி.யையும் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு மனுப் போட அலைய வேண்டும்? அதுவரை அந்தப் பணத்துக்கு வட்டி கட்டுவது யார்? பி.காம். முதல் வருஷப் பையனே கேட்பான்.

முடியாத காரியமா இது? இதே பட்டறைக்காரர் பெங்களூரில் இரும்புத் தகடு வாங்கினால் ஐ.ஜி.எஸ்.டி. கட்டுகிறார், கிரெடிட் இங்கே கிடைக்கிறது. மாநிலங்கள் தங்களுக்குள் பைசல் பண்ணிக்கொள்கின்றன. 2017-லிருந்து இதுதான் நடைமுறை. லாரிக்கு அதற்கும் முன்னாலேயே, 2010-ல், புது நேஷனல் பர்மிட் வந்தது. ஒரே இடத்தில் மொத்தமாகக் கட்டினால் மாநிலங்கள் பங்கு பிரித்துக்கொள்ளும். லாரிக்குப் பிரிக்கத் தெரிந்தவர்களுக்குக் காருக்குப் பிரிக்கத் தெரியாதா?

மாநிலத்தின் வாதம் ஒன்று உண்டு. விட்டால் எல்லோரும் வரி குறைவான புதுச்சேரியில் பதிந்துவிட்டு இங்கே ஓட்டுவார்கள். நியாயம்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் எத்தனையில் கே.ஏ. 01 என்று எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே புரியும். ஆனால் அதற்கு மருந்து எல்லா இடத்திலும் ஒரே வரி. 2018-ல் மாநிலப் போக்குவரத்து அமைச்சர்கள் குழுவே அதைத்தான் பரிந்துரைத்தது. 10 லட்சத்துக்குக் கீழே 8 சதவீதம், 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12. தமிழ்நாடு என்ன செய்தது? 2023 நவம்பரில் 10 லட்சத்துக்கு மேலான புது காருக்கு 18, 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் என்று ஏற்றியது. எல்லைக்கு அந்தப் பக்கம் போகும் ஆசையைத் தூண்டிவிட்டு, போனவனைத் திருடன் மாதிரி பார்ப்பது என்ன நியாயமோ!

2021-ல் பி.எச். சீரிஸ் வந்தது. ரெண்டு ரெண்டு வருஷமாக வரி கட்டலாம், மாநிலம் மாறினால் நம்பர் மாற்ற வேண்டாம். அருமை! ஆனால் யாருக்கு? ராணுவத்தாருக்கு, அரசு ஊழியருக்கு, நாலு மாநிலத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனிக்காரருக்கு. நாமக்கல் பட்டறைக்காரருக்கு ஒரே ஆபீஸ்தான், அதுவும் தகரக் கூரை.

அவர் கட்டிய பாடியோடு லாரிகள் காஷ்மீர் வரைக்கும் போய் வந்துகொண்டிருக்கின்றன. அவருடைய கார் மட்டும், இன்னும் கே.ஏ. நம்பரோடு, பட்டறை ஓரத்தில் ரெண்டாவது ஆயுளுக்காகக் காத்திருக்கிறது.