தேவதாருப் பெட்டியும் கம்பளி அந்தும்

ஹோலிப் பண்டிகை கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், வட இந்திய இல்லங்களில் கம்பளிச் சட்டைகளும் சால்வைகளும் பெட்டிக்குள் செல்கின்றன. அவற்றுடன் சில அந்துருண்டைகளையோ, தேவதாரு மரத்துண்டுகளையோ இட்டு மூடிவிட்டால் காவல் முடிந்தது என்று பலர் கருதுகின்றனர். ஐப்பசியில் பெட்டியைத் திறக்கும்போது மரத்தின் மணம் சிறிதேனும் எஞ்சியிருக்கிறது. சால்வையின் மடிப்பிலோ பொத்தல்கள் விழுந்திருக்கின்றன. நல்லதொரு பஷ்மினா சால்வை ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பாக இருக்கக்கூடும். ஆதலால், மணத்தின் மீது வைக்கப்படும் இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் தகுதியுடையது என்பதை ஆராய்தல் வீண் வேலையன்று.

முதலில் பகைவனைச் சரிவர அடையாளம் காண வேண்டும். கம்பளியைத் தின்பது பறந்து திரியும் அந்து அன்று. வளர்ந்த அந்து உணவு உட்கொள்வதே இல்லை. அதன் புழுவே நாசகாரி. பெண் அந்து சுமார் 40 அல்லது 50 முட்டைகளைத் துணியின் இழைகளுக்கிடையே இடுகிறது. வெப்பமான பருவத்தில் அவை சில நாட்களிலேயே பொரிந்துவிடும். புழுப் பருவம் ஐந்தாறு வாரங்களில் முடிவதும் உண்டு. உணவும் வெப்பமும் குறைந்த இடத்தில் ஓராண்டுக்கு மேல் நீடிப்பதும் உண்டு. விளக்கைச் சுற்றி வட்டமிடும் பூச்சிகளைக் கண்டு இல்லத்தரசிகள் கலங்குவது பொருத்தமற்றது. துணியந்து வெளிச்சத்தை வெறுத்து இருளில் ஒளியும் இயல்புடையது.

உரோமம் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. கந்தக அணுக்களின் பிணைப்பால் இறுகிய இப்பொருளைப் பெரும்பாலான பிராணிகளால் ஜீரணிக்க இயலாது. அப்பிணைப்பை அறுக்கவல்ல ரசாயனச் சூழ்நிலை இப்புழுவின் குடலில் அமைந்துள்ளது. எனினும், தூய கம்பளி மட்டும் அதற்குப் போதிய உணவன்று. வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, சிந்திய உணவு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் வைட்டமின்களும் உப்புக்களும் சேர்ந்தால்தான் அது செழித்து வளர்கிறது. கழுத்துப்பட்டியும் கைவிளிம்பும் முதலில் பொத்தலாவதன் காரணம் இதுவே. துவைக்காமல் மடித்து வைக்கப்பட்ட சால்வை புழுவுக்கு விருந்தாகும்.

இனி மரத்தைப் பற்றிய செய்தி. சிடார் பெட்டியின் புகழ் அமெரிக்காவில் தோன்றியது. ஆனால், அங்கு அப்பெட்டிகள் செய்யப்படும் செஞ்சிடார் உண்மையில் சிடார் இனத்தைச் சேர்ந்ததன்று. அது ஒருவகை ஜூனிப்பர் மரம். பழைய பென்சில்களைச் சீவும்போது எழுந்த இனிய மணம் அதனுடையதே. இமயத்தில் வளரும் தேவதாருவோ மெய்யான சிடார். பெயரில் ஒன்றுபட்டாலும் இவ்விரு மரங்களின் எண்ணெய்கள் வேறுவேறானவை: முன்னதில் செட்ராலும் செட்ரீனும், பின்னதில் ஹிமாசலீன் வகைகளும் முக்கியமானவை. ஒன்றன் நற்சான்றிதழை மற்றொன்றின் மீது ஒட்டி விற்பது வாணிகத்திற்கு ஏற்கலாம், விஞ்ஞானத்திற்கு ஏற்காது.

அச்சான்றிதழிலும் எழுதியிருப்பது என்ன? செஞ்சிடார் பெட்டிகளைச் சோதித்து அமெரிக்க வேளாண்மைத் துறை 1922-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, இறுக மூடப்பட்ட பெட்டியில் அப்போதுதான் பொரிந்த இளம்புழுக்கள் மடிகின்றன. வளர்ந்த அந்துகளும், முட்டைகளும், பாதியளவு வளர்ந்த புழுக்களும் மடிவதில்லை. எனவே, துணிகளை நன்கு துலக்கி, புழுக்களை நீக்கிய பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும் என்பது அறிக்கையின் கருத்து. பெட்டி முழுதும் மரத்தாலானது, அதுவும் நன்கு மூடுவது என்ற நிலையிலேயே பயன் இவ்வளவுதான். இரும்பு பீரோவின் மூலையில் கிடக்கும் நாலு மரத்துண்டுகளிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது எங்ஙனம்? மேலும், மணந்தரும் எண்ணெய் நாளடைவில் ஆவியாகிவிடும். உப்புத்தாளால் தேய்த்தால் மணம் ஓரளவு மீளும்; காவல் மீண்டதற்கு அது அத்தாட்சியாகாது.

தேவதாருவின் பெருமையைக் குறைப்பது நோக்கமன்று. அதன் வைரம் கறையானுக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாகாதது. ஜீலம் ஆற்றின் பழைய பாலங்களும் ஸ்ரீநகர் ஏரிகளின் படகு வீடுகளும் அதனால் ஆனவை. அதன் எண்ணெயிலுள்ள ஹிமாசலால், பீட்டா ஹிமாசலீன் ஆகியவை பயறு வண்டையும் வீட்டு ஈயையும் கொல்லக்கூடியவை என 1988-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஆனால், பிரித்தெடுத்த எண்ணெய் வேறு. காய்ந்த மரத்துண்டு வேறு. தன்னைக் காத்துக்கொள்ளும் மரம் தன் அருகிலுள்ள துணியையும் காக்கும் எனக் கருதுவதிலேதான் பிழை நேர்கிறது.

மணப்பொருள்களை நாடுவது இந்நாட்டிற்குப் புதிதன்று. காஷ்மீரில் சால்வைகளுக்கிடையே கோஷ்டக் கிழங்கை வைத்தனர். சித்த வைத்தியர்கள் நன்கறிந்த சரக்கு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற சால்வை மூட்டைகளில் பச்சிலை எனப்படும் பச்சோலி இலை இடப்பட்டது; அந்த மணத்தைக் கொண்டே அசல் சால்வையை அங்கே இனம் கண்டார்களாம். கோஷ்டச் செடி காடுகளில் அருகி, 1985 முதல் சர்வதேச வர்த்தகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாட்டிற்கு உள்ளாகியிருக்கிறது. துவைப்பதற்கு மாற்றாக அதைத் தோண்டியெடுப்பது நியாயமாகாது.

மரத்துண்டின் பயன் சொற்பம் என்றவுடன் மீண்டும் அந்துருண்டைக்கே திரும்ப வேண்டியதில்லை. அதிலுள்ள நாப்தலீன் ஆவி அடைபட்ட பெட்டியில் பூச்சிகளைக் கொல்வது உண்மையே. ஆனால், 2002-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் சேர்த்தது. ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும். அந்துருண்டையுடன் வைத்திருந்த கம்பளியை எடுத்து நேராகப் பச்சிளங்குழந்தையைப் போர்த்துவது பேராபத்து.

செய்ய வேண்டுவது எளிது. சிரமம் மட்டும் சற்று மிகுதி. துவைத்து அல்லது உலர்சலவை செய்து, நன்றாகக் காய்ந்த பின், தையலோரங்களையும் பைகளின் உட்புறத்தையும் வெயிலில் வைத்துத் துலக்க வேண்டும். அதன்பின் காற்றும் பூச்சியும் புகாத பையிலோ பெட்டியிலோ இட்டு மூட வேண்டும். ஐயத்திற்குரிய ஆடையைப் பையிலிட்டு, பூஜ்யத்திற்குக் கீழ் 18 டிகிரி சென்டிகிரேடு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். கோடையின் நடுவே ஒருமுறை திறந்து உதறிப் பார்ப்பது எந்த மரத்துண்டையும்விட மேலானது. அவ்வாறு வைத்த பெட்டியினுள் மணத்திற்காகத் தேவதாருத் துண்டு ஒன்றை வைத்தாலும் தவறில்லை.

இத்துண்டுகளை அழகிய உறைகளில் இட்டு விற்போரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். மரம் தேவதாருவா ஜூனிப்பரா என்பதையும், துவைத்த ஆடையுடன், இறுக மூடிய பெட்டியில் மட்டுமே அதனால் சிறிது பயன் உண்டு என்பதையும், வளர்ந்த புழுவை அது கொல்லாது என்பதையும் உறையின் மீதே அச்சிட்டு விற்கட்டும். இம்மூன்று வரிகளுக்கு அதில் இடம் இல்லாமற் போகாது.