தளம் திறக்கவில்லையா? கூச்சலுக்கு முன் ஒரு சோதனை



ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. செங்காங்கில் வசிக்கும் வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, நம்ம தளத்த முடக்கிட்டாங்க. 403, அனுமதி இல்லைன்னு வருது. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டேன்" என்றார். குரலில் பதற்றம். அரை மணி நேரத்தில் அந்தப் படம் தேக்காவைத் தாண்டி ஜோகூர் பாருவுக்கும் சென்னைக்கும் போய்விட்டது. "எந்தக் கட்டுரைக்காக முடக்கினார்கள்?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கண்டன அறிக்கை எழுதவே உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது வேறு. முதல் நாள் இரவு நம் தொண்டர் ஒருவர் கட்டுரைகள் இருந்த கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார். அப்போது அதன் அனுமதி எண் 700 ஆகிவிட்டது. உரிமையாளரைத் தவிர வேறு யாரும் உள்ளே நுழையக் கூடாது என்பது அந்த எண்ணின் பொருள். பக்கத்தை எடுத்துத் தர வேண்டிய வலை வழங்கிக்கும் அங்கே அனுமதி இல்லை. 755 என்று மாற்றியதும் தளம் திறந்துகொண்டது. இரண்டு நிமிட வேலை. பூட்டைப் போட்டது நாமே!

ஆனால் படம் பரவிய வேகத்தில் விளக்கம் பரவவில்லை. "அன்னிக்கு முடக்கினாங்களே, இப்ப விட்டுட்டாங்களா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதை ஒரு வேடிக்கையாக நினைத்து ஒதுக்கிவிட முடியாது. சிறுபான்மை மக்களின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், அவர்கள் சொல்வது உண்மை என்று பிறர் நம்புவதுதான். புலி வருது, புலி வருது என்று கத்திய பையனின் கதை நமக்குத் தெரியாததல்ல.

புலி உண்மையிலேயே வருவதும் உண்டு. 2007 ஜூன் மாதத்தில் இலங்கையின் முக்கிய இணையச் சேவை நிறுவனங்கள் வழியே தமிழ்நெட் தளத்தைத் திறக்க முடியாமல் போனது. ஊடக உரிமை அமைப்புகள் கண்டனம் தெரிவித்தன. போர்க்காலத்தில் வடக்கு கிழக்குச் செய்திகளை உலகம் படித்துக்கொண்டிருந்த தளம் அது. சிங்கப்பூரிலும் தடை என்பது புதிதல்ல. 1996இல் இணையத்துக்கு உரிம விதிகள் வந்தபோது, ஓர் அடையாளமாக நூறு தளங்கள் தடுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஆபாசத் தளங்கள். 2019இல் இயற்றப்பட்ட, 'பொஃப்மா' என்று சுருக்கி அழைக்கப்படும் இணையப் பொய்ச்செய்திச் சட்டத்தின் கீழ், 2023இல் ஏஷியா சென்டினல், ஈஸ்ட் ஏஷியா ஃபோரம் ஆகிய தளங்களுக்கான அணுக்கத்தைத் தடுக்க உத்தரவிடப்பட்டது. அந்த உத்தரவுகள் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டன. அவை சரியா தவறா என்று விவாதிக்க முடிந்ததே, நடந்தது இன்னதென்று தெரிந்ததால்தான்.

எல்லாத் தடையும் இப்படி அறிவித்துவிட்டு வருவதில்லை. சேவை நிறுவனம் ஒரு தளத்தின் பெயரைத் தன் முகவரிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், வாசகருக்குத் தெரிவது "தளத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற சாதாரணப் பிழைதான். தடுத்தவன் முகம் அதில் தெரியாது. இந்தக் குறையைப் போக்கவே 451 என்ற புதிய பிழை எண் பிறந்தது. சட்டக் காரணங்களுக்காகத் தர இயலாது என்பது அதன் பொருள். டிம் பிரே 2012இல் முன்மொழிந்தார். 2016இல் அது இணையத் தரநிலையாக வெளிவந்தது. புத்தகங்களை எரிக்கும் அரசைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய 'ஃபாரன்ஹீட் 451' நாவலின் பெயரிலிருந்து வந்த எண் அது. ஆனால் தடுப்பவர் மனம்வைத்தால்தான் அந்த எண் திரையில் வரும். ஆகவே கண்டுபிடிக்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? செங்காங்கிலிருந்து தேக்காவுக்கு வடகிழக்கு ரயில்பாதையில் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேர முடியவில்லை என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். நம் அட்டையில் பணம் இல்லை. நடுவழியில் ரயில் நின்றுவிட்டது. போக வேண்டிய நிலையமே மூடியிருக்கிறது. இணையத்திலும் இந்த மூன்றுதான்: நம் பக்கம், வழி, வழங்கி.

முதலில் நம் பக்கம். வேறு உலாவியில் திறந்து பாருங்கள். வீட்டு இணைப்பை விட்டுவிட்டுக் கைபேசித் தரவில் பாருங்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் திறக்காத தளம் வீட்டில் திறந்தால், தடுத்தது அந்த இடத்தின் வடிகட்டி, அரசு அல்ல.

அடுத்தது வழி. வேறு சேவை நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள். வெளிநாட்டு உறவினர் ஒருவரையும் திறக்கச் சொல்லுங்கள். ஊருக்குள் எந்த நிறுவனத்தின் இணைப்பிலும் திறக்காமல் வெளியே மட்டும் திறந்தால், அப்போதுதான் தடை என்ற சந்தேகத்துக்கு இடம் உண்டு. அதுவும் சந்தேகமே. சில வழங்கிகள் தாக்குதலுக்குப் பயந்து ஒரு நாட்டின் முகவரிகளையே மொத்தமாக மறுப்பதும் உண்டு.

மூன்றாவது வழங்கி. திரையில் எண்ணோடு ஒரு பிழை வந்தால், பெரும்பாலும் நம் கோரிக்கை எங்கோ ஒரு வழங்கியைச் சேர்ந்து பதில் வந்திருக்கிறது என்று பொருள். 403 என்றால் பொருள் இருக்கலாம், தர மறுக்கிறது. 404 என்றால் அந்த முகவரியில் எதுவும் இல்லை. 500 என்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. 503 என்றால் இப்போதைக்குச் சுமை தாங்கவில்லை, அல்லது பராமரிப்பு நடக்கிறது. தளம் நடத்துபவர்கள் ஊகிக்கவே வேண்டாம். வழங்கியின் பிழைப் பதிவேட்டைத் திறந்தால் நேரத்தோடு காரணம் எழுதியிருக்கும். கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்பது பொதுவான வழக்கம். எதுவும் திறக்கவில்லை என்று கோபத்தில் 777 போட்டுவிடாதீர்கள். கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவதற்கு அது சமம்.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கென்றே சில பிழைகள் உண்டு. ஆங்கில உதவிக் குறிப்புகளில் அவற்றை அதிகம் காண முடியாது என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

'போராட்டம்' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். 'போ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறியையும் காலையும் சேர்த்து இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரை இரண்டாகப் பிரித்தே சேமித்தன. நம் வழங்கிகளில் பெரும்பாலும் ஓடும் லினக்ஸுக்கோ அவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். இணைப்பில் ஒன்று, கோப்பில் இன்னொன்று என்றால் வருவது 404. எழுத்துப்பிழை எங்கே என்று இரவெல்லாம் தேடினாலும் கிடைக்காது.

அடுத்தது முகவரியின் நீளம். 'செங்காங்' நமக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியில் எட்டுக் குறிகள். முகவரியில் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரியும். ஆக ஊர்ப் பெயர் மட்டுமே 72 எழுத்து! வேர்ட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரிப் பெயருக்குத் தரும் இடம் 200 எழுத்து. அதாவது ஏறத்தாழ 22 தமிழ்க் குறிகள். அதற்குமேல் வெட்டுப்படும். மின்னஞ்சலில் அந்த நீண்ட சரம் இரண்டு வரியாக உடைந்தால் இணைப்பும் உடையும். எனவே தலைப்பு தமிழில் முழுமையாக இருக்கட்டும். முகவரியில் ஒரு சிறு சொல்லோ எண்ணோ போதும். இதில் தமிழ்ப் பற்றுக்கு எந்தக் குறைவும் இல்லை.

இன்னொன்று, பழைய விண்டோஸ் நோட்பேடில் தமிழைச் சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் சேர்ந்துவிடும். பி.எச்.பி. கோப்பில் அது இருந்தால் பக்கம் உடையும். வழங்கியின் அமைப்புக் கோப்பில் இருந்தால் தளம் முழுவதும் 500 காட்டும். சேமிக்கும்போது அந்த அடையாளம் இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவும் சின்னச் சின்ன விஷயங்கள்தாம். ஆனால் இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில் உழைத்தவர்களால்தான் தமிழ் இணையத்தில் ஏறியது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று இணையத்தில் ஏறியபோது அதில் தமிழும் இடம்பெற உழைத்தவர் நா. கோவிந்தசாமி. 1997இல் இங்கே நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கும் அவரே முன்னோடி. 1999இல் அவர் மறைந்தார். 2011இல் '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் முகவரியும் நமக்குக் கிடைத்தது. இன்றும் அந்த முகவரியைத் தவறு என்று திருப்பி அனுப்பும் படிவங்களும் அஞ்சல் மென்பொருள்களும் உண்டு. அங்கே நம் உரிமைக் குரல் தேவை. பிழையைப் படத்தோடு அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

நாம் இழந்தவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2009 அக்டோபரில் யாகூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, அதில் இருந்த தமிழ்ப் பக்கங்களும் மறைந்தன. அதை யாரும் தடை செய்யவில்லை. நாம்தான் நகல் எடுத்து வைக்கவில்லை. ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்து பெயரை இழந்த தளங்களும், கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்து அவரோடு போய்விட்ட தளங்களும் நம்மிடையே உண்டு. தேசிய நூலக வாரியம் 2019 முதல் '.எஸ்ஜி' என முடியும் தளங்களை அனுமதி கேட்காமலே சேகரித்து வருகிறது. ஆனால் நம் அமைப்புகளின் தளங்கள் பலவும் '.காம்' என்றும் '.ஆர்க்' என்றும் முடிபவை. அவை தாமாக அந்தச் சேகரிப்பில் வந்துவிடுவதில்லை.

ஆகவே வாசகர்களிடமும் அமைப்புகளிடமும் நாம் வேண்டுவது இதுதான். தளம் திறக்கவில்லை என்றால் முழு முகவரி, பிழை எண், தேதி, நேரம், எந்த இணைப்பு என்ற ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இணைப்புகளிலும் இன்னொரு நாட்டிலும் சோதியுங்கள். அதன்பின் தளம் நடத்துபவருக்குச் சொல்லுங்கள். ஊருக்குப் பிறகு சொல்லலாம். அமைப்புகள் கடவுச்சொல்லை இருவரிடமாவது வைத்திருக்கட்டும். மாதம் ஒருமுறை முழு நகல் எடுத்து வேறிடத்தில் வைக்கட்டும்.

நம் தவறை நாமே ஒப்புக்கொள்ளும்போது யாரும் நம்மைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை. நாளை ஒரு கதவை உண்மையிலேயே யாராவது மூடும்போது, நாள், நேரம், சான்று எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு நாம் பேசுவோம். அன்று நம் பேச்சை ஒதுக்கித் தள்ளுவது அவ்வளவு எளிதாக இருக்காது.