கம்மாய்க் கரையை அளந்தது யார்?

பேரிடர் என்றதும் நம் நண்பர்களுக்குக் கடலூர்ப் புயலும் நாகப்பட்டினத்துச் சுனாமியும்தான் நினைவுக்கு வரும். "நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் என்னப்பா வரப்போகுது? மழையே இல்ல!" என்று விடுதியில் ஒருவன் சிரித்தான். மழை இல்லாததே பேரிடர்தான் நண்பா!

2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. நான் அப்போது நாலாவது படித்தேன். மானாவாரிக் காட்டில் போட்ட கம்பும் பருத்தியும் கருகிப்போக, அப்பா உழவு மாட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போனார். அக்கா பத்தாவதோடு நின்றாள். நிவாரணப் படிவத்தில் ஏக்கர் கேட்பார்கள், பயிர் கேட்பார்கள். விற்ற மாட்டையும் நின்ற படிப்பையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது? எங்கள் குடும்பத்தில் முதலில் டிப்ளமா படிக்க வந்தவன் நான் என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். முதலில் வந்திருக்க வேண்டியவள் அக்கா.

சரி, வெள்ளம் நமக்கு வரவே வராதா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யும் சராசரியைவிட அது அதிகம். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ குளங்கள் உடைந்தன. அருப்புக்கோட்டையிலிருந்து காயல்பட்டினம் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். மேகத்துக்குத் தாலுகா எல்லை தெரியுமா? (ஊழி வெள்ளத்தை ஈசன் சூலத்தால் சுழித்துப் பூமிக்குள் விட்டதால்தான் திருச்சுழி என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். நம் ஊர்ப் பெயரிலேயே வெள்ளம் இருக்கிறது!)

என் கருத்து இதுதான். வறட்சியும் உடைப்பும் நமக்குத் தனித்தனி ஆபத்து அல்ல. இரண்டுமே ஒரே கம்மாயில் உட்கார்ந்திருக்கின்றன. வண்டல் மேடிட்ட கம்மாய் தண்ணீரைப் பிடிக்காது, அதனால் பங்குனிக்குள் வற்றிவிடும். அதே கம்மாய் பெருமழையில் சீக்கிரம் நிரம்பி, கலுங்கு அடைபட்டிருந்தால் கரையை உடைக்கும். மேல் கம்மாய் உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க் கம்மாய் தலையில்தான் விழும். நம் சீமையில் கம்மாய்கள் சங்கிலியாக அல்லவா இருக்கின்றன?

2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டந்தோறும் ஒரு திட்டம் உண்டு. நல்லதுதான். ஆனால் மாவட்டச் சராசரி மழையை வைத்து எங்கள் ஊர்க் கரை நிற்குமா என்று சொல்ல முடியாது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கம்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அந்தச் சின்னக் கம்மாய்களில் கலுங்கு மட்டத்துக்கும் கரை மட்டத்துக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். எங்கள் அப்பத்தா கையை இடுப்பளவு காட்டுவாள். அதுதான் எங்கள் ஊர் ரிக்கார்டு!

சர்வே பிராக்டிகலில் நாம் கல்லூரி மைதானத்தையே திரும்பத் திரும்ப லெவல் எடுக்கிறோம். மைதானம் எங்கே போய்விடப் போகிறது? போன லீவில் அப்பாவிடம் டம்பி லெவல் பற்றிச் சொன்னேன். "அந்தக் கண்ணாடில பாத்தா மழை வருமான்னு தெரியுமாடா?" என்றார். "மழை தெரியாதுப்பா, வந்தா கரை தாங்குமான்னு தெரியும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கொண்டாந்து பாரு" என்றார்.

மாணவர் பேரவை ஒன்றிய அலுவலகத்தில் அனுமதி வாங்கித் தரட்டும். சிவில் துறை கருவியைத் தரட்டும். மாசி, பங்குனியில் கம்மாய் காய்ந்து கிடக்கும்போது ஒரு சங்கிலியில் மூன்று கம்மாய்களை மட்டும் அளப்போம். கரை, கலுங்கு, மடை, வரத்துக்கால் நான்கின் மட்டத்தையும் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவோம். ஸ்டாஃப் பிடிக்க நான் தயார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். யார் யார் வருகிறீர்கள்?

– இரண்டாம் ஆண்டு, சிவில்